என் கையால் வைத்த சேனை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு "பார்ப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். உன் அப்பாவும் இருந்தவரை அப்படித்தான், நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் சரி என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார். சம்மதம் இல்லை. சுமதிக்குக் குழந்தை பிறந்ததும் முதல் சேனையை நான்தான் வைக்க வேண்டும் என்று சம்பந்தியம்மா ஆசைப்படுவதாகச் சொன்னாய். அதற்கென்றே நீங்கள் கொழும்பு செட்டியார் தெருவில் புது மோதிரம் வாங்கி வைத்திருப்பதாகவும் சொன்னாய். "சீனித் தண்ணியில மோதிரத்த நனச்சு நாக்குல ஒரு சொட்டு வைக்கிறதுக்கு என்னம்மா இவ்வளவு யோசனை?" என்று சிரித்தாய். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வைக்க மாட்டேன். நான் மட்டுமல்ல, யாரும் வைக்கக் கூடாது. வெறுமனே மாட்டேன் என்றால் உங்கள் ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும், பக்கத்து வீட்டு அக்காவையாவது கூப்பிட்டு வைத்துவிடுவீர்கள். அதனால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். பதினெட்டு வருஷமாக உன் அப்பாவுக்குக்கூடச் சொல்லாத காரணம். போனில் சொல்லக்கூடியதும் அல்ல. இந்தக் காலத்தில் நாம் பேசுவதை யார் யார் கேட்கிறார்களோ தெரியாது, தமிழில் கொஞ்சம் குரல் நடுங்கினாலே சந்தேகம்.

முதலில் நீ மட்டும் படி. சுமதியிடம் மறைக்கச் சொல்லவில்லை, எட்டு மாசப் பிள்ளைத்தாய்ச்சி இதை நின்றுகொண்டே படிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். நீ படித்து, கொஞ்சம் தண்ணீர் குடித்து, கோபம் வந்தால் கோபப்பட்டு முடித்துவிட்டு அவளை உட்கார வைத்துச் சொல். நடுவில் எனக்குப் போன் எடுக்காதே.

நான் பிரசவ வார்டில் அட்டெண்டன்டாக இருந்ததை நீ பார்த்திருக்கிறாய். ஆஸ்பத்திரியின் பெயரை எழுத மாட்டேன், அங்கே இன்னும் நல்லவர்கள் வேலை செய்கிறார்கள். அந்த நாளில்தான் தோட்டத்து ஆட்கள் லயத்துக் காம்பிராவில், அந்த வரிசை வீட்டு ஒற்றை அறையில், பிள்ளை பெறுவதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார்கள். லயத்தில் பிறந்தால் சேனை வைக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. நல்ல குணம், கைராசி உள்ள ஒருவரைக் கூப்பிட்டு, தாய்ப்பாலுக்கு முன்னால் சீனித் தண்ணீரில் தங்கத்தை நனைத்து நாக்கில் தொட்டு வைப்பார்கள். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. நீ பிடிவாதம் பிடிக்கும்போதெல்லாம் "யாரு இவனுக்குச் சேனை வச்சது?" என்று உன் அப்பா கேட்பார், தன் தமக்கைதான் வைத்தார் என்பது ஞாபகம் வந்ததும் பேச்சை மாற்றுவார். ஆஸ்பத்திரியில் என்ன செய்வது? பார்வையாளர் நேரம் வரும்வரை சொந்தக்காரரை உள்ளே விட மாட்டார்கள், அதற்குள் பிள்ளை பால் குடித்துவிடும். அதனால் என்னிடம் கெஞ்சினார்கள். "அக்கா, நீங்களே வச்சிருங்கக்கா. நீங்க நல்ல மனுஷி." நல்ல மனுஷி என்றால் யாருக்குத்தான் கசக்கும். வைத்தேன்.

அப்படி முதல் வருஷம் நான் வைத்த ஒரு பையன் பிறகு அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் சோதனை பாஸ் பண்ணினான். அந்தத் தோட்டத்திலேயே அதுவரை யாரும் பாஸ் பண்ணியதில்லை. அதோடு என் கைக்குப் பேர் வந்துவிட்டது. முத்துமாரியம்மன் தேருக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனால் நாலடிக்கு ஒருத்தி வழிமறித்து, "இந்தம்மாதான் ஒனக்குச் சேனை வச்சது, கும்புடு" என்று பிள்ளையைத் தள்ளிவிடுவாள். உனக்கும் பொரிகடலை, ஜூஸ் பக்கட் எல்லாம் கிடைக்கும். அதை வாங்கிக்கொண்டு நீ பெருமையாக என்னைப் பார்ப்பாய். எனக்குக் கால் தரையில் படாது. பெரிய டொக்டர் வார்டுக்குள் வந்தால்கூட, இவருக்கு என்ன தெரியும், பிள்ளைகளுக்குப் புத்தி கொடுப்பது நானல்லவா என்று மனதுக்குள் நினைத்திருக்கிறேன். சிரிக்காதே. நினைத்தேன்.

ஆரம்பத்தில் தினமும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, சீனி போட்டுக் கொண்டுபோவேன். பிறகு ஆட்கள் கூடினார்கள், எனக்குச் சோம்பல் கூடியது. ஒரு கிரைப் வாட்டர் போத்தலைக் கழுவித் திங்கட்கிழமை நிரப்பினால் வாரம் முழுக்க அதுதான். துணி அலுமாரிக்குள், மடித்த படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பேன். பிள்ளையைத் துடைத்துத் தாயிடம் கொண்டுபோகும் வழியில் அலுமாரிக் கதவு மறைவில் நின்று, என் விரலில் கிடந்த கல்யாண மோதிரத்தில் போத்தல் வாயைக் கவிழ்த்து நனைத்து, நாக்கில் ஒரு சொட்டு. அவ்வளவுதான். அந்த மோதிரத்தை நான் கழற்றியதே இல்லை. இரத்தம் துடைத்தாலும், பாத்திரம் கழுவினாலும், கழிவுத் துணி அள்ளினாலும் அது விரலில்தான் இருந்தது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன், அதில் குறை சொல்ல முடியாது. மோதிரத்துக்கு அடியில் யார் கழுவினார்கள்?

கிளர்ச்சியை அடக்குகிறோம் என்று ரோட்டோரத்தில் பையன்களை டயரோடு எரித்த காலம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மாத்தளைப் பக்கம் எல்லார் வீட்டிலும் ஒருவர் குறைந்திருந்தார், யாரும் யாரையும் விசாரிக்க மாட்டார்கள். அது முடிந்த கையோடு வடக்கே மறுபடி சண்டை மூண்டது. பஸ்ஸில் தமிழ் பேசினால் தலைகள் திரும்பும், செக்பொயின்டில் என் அடையாள அட்டையை மட்டும் இரண்டு தடவை பார்ப்பார்கள். அப்படி ஒரு மழைக்கால வாரத்தில் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து வந்தவளின் பிள்ளை, மூன்றாம் நாள் பால் குடிக்கவில்லை. நல்ல எடையான பிள்ளை. காலையில் அழுதது, பகலில் முனகியது, சாயங்காலம் அதுவும் இல்லை. தொட்டால் ஜில்லென்றிருந்தது, தோல் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஊசி போட்டார்கள், மருந்தை மாற்றிப் போட்டார்கள். மறுநாள் போய்விட்டது. நான்தான் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். பிறந்த பிள்ளைகளில் ஒன்றிரண்டு போவதை நாங்கள் பார்த்திருக்கிறோம், அதனால் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அதற்கடுத்தது கலேவெலப் பக்கத்துச் சிங்களப் பெண்ணின் பிள்ளை. பக்கத்துக் கட்டிலில் நான் சேனை வைத்ததைப் பார்த்துவிட்டு "எனக்கும் வைங்க" என்று அவளே கேட்டாள். அவர்களிலும் தாய்ப்பாலில் தங்கம் உரைத்து வைக்கும் வழக்கம் இருக்கிறது. சந்தோஷமாக வைத்தேன். அந்தப் பிள்ளையும் மூன்றாம் நாள் முனகத் தொடங்கி, நாலாம் நாள் இல்லை. அவளுடைய புருஷன் ஆஸ்பத்திரி கேட்டில் நின்று கத்தினான். தன் பெண்சாதி சொல்கிறாள், இங்கே ஒரு தமிழச்சி பிள்ளையின் வாயில் ஏதோ ஊற்றினாள் என்று. கூட்டம் சேர்ந்துவிட்டது. பொலிஸ்காரன் ஒருவனும் வந்து நின்றான். பெரிய மிஸ்ஸி, அந்த வார்டின் தலைமை நர்ஸ், என்னை உள்ளே கூப்பிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: "உண்மையைச் சொல்லு. ஏதாவது குடுத்தியா?" நான் வாய் கூசாமல் சொன்னேன், "சத்தியமா இல்ல மிஸ்ஸி." அவர் கேட்டுக்குப் போய், பன்னிரண்டு வருஷமாக இந்த வார்டில் இருப்பவள், உன்னைவிட எனக்கு அவளைத் தெரியும், பெற்றதைப் பறிகொடுத்த துக்கத்தில் உன் பெண்சாதி உளறுகிறாள் என்று எனக்காகச் சண்டை பிடித்தார். அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, தமிழச்சி என்றதால்தானே என்மேல் பழி போட்டார்கள் என்று உன் அப்பாவிடம் விம்மி விம்மி அழுதேன். நீ வந்து என் முதுகைத் தடவினாய். அவர்கள் நினைத்த காரணம் பொய்தான், தம்பி. ஆனால் ஆள் சரி. எனக்கு அது அப்போது தெரியாது, தெரிந்துகொள்ளப் பிரியமும் இல்லை.

மூன்றாவதாக ஒரு பிள்ளை படுத்தது. அது எப்படியோ தேறிவிட்டது. அதற்குள் வார்டில் எல்லாருக்கும் பேயடித்த முகம். ஒரு மூலையில் பிக்கு ஓதிக் கொடுத்த பிரித் நூல் கட்டினார்கள், இன்னொரு மூலையில் நம்மாள் ஒருத்தி வேப்பிலை செருகினாள். பிரசவம் ஆனவர்கள் தையல் ஆறும் முன்னமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்போதுதான் கண்டியிலிருந்து ஒரு டொக்டர் அம்மா வந்தார். கிருமிகளைப் பற்றிப் படித்தவர், மெலிந்த உடம்பு, குரலை உயர்த்தாத சிங்களப் பெண்மணி. குழாய், தொட்டி, சவர்க்காரப் பெட்டி, பிள்ளை நிறுக்கும் தராசு எல்லாவற்றையும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தார். பிறகு எங்களை வரிசையில் நிறுத்திக் கைகளையும் தடவினார். நான் ஒன்பதாவது ஆள். மோதிரத்தைச் சுற்றி அந்தக் குச்சியை உருட்டியபோது குறுகுறுவென்றிருந்தது. எல்லாம் முடிந்து கேட்டார்: "பாலைத் தவிர வேறு ஏதாவது, ஒரு சொட்டானாலும், பிள்ளைகளின் வாயில் யாராவது வைக்கிறீர்களா?" எல்லாரும் இல்லை என்றார்கள். நானும் இல்லை என்றேன்.

யாராவது உன்னிடம் இப்படி நேருக்கு நேர் கேட்டால் முதல் தடவையிலேயே சொல்லிவிடு. அடி விழுந்தாலும், வேலை போனாலும் சொல்லிவிடு. இரண்டாவது தடவை கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தால், அந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது. எனக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். இனி வைப்பதில்லை என்றுதான் அன்றைக்கு முடிவு பண்ணினேன். போத்தலை எறிந்திருக்கலாம். எறியவில்லை, அலுமாரிக்குள்ளேயே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு தோட்டத்து மேல் டிவிஷனிலிருந்து வந்த ஒருத்திக்கு ஆண்பிள்ளை பிறந்தது. மூத்தது பெண், அதற்குப் பிறகு இரண்டு தங்காமல் போயிருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அக்கா, ஒங்க கையால வச்சாத்தான் இது தங்கும். நான் வேண்டிக்கிட்டு வந்திருக்கேன்." மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று நானே என்னைக் கேட்க வேண்டிவரும். வெறும் சீனித் தண்ணீரில் என்ன இருந்துவிடப் போகிறது என்று அலுமாரியைத் திறந்தேன். போத்தலை வெளிச்சத்தில் பிடித்தபோது லேசாகக் கலங்கியிருந்தது. சீனி அடியில் தங்கியிருக்கும் என்று குலுக்கினேன். குலுக்கிவிட்டு மோதிரத்தை நனைத்தேன். அந்தப் பிள்ளை சொட்டைச் சப்புக்கொட்டிக் குடித்தது.

உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும் அவள் யார் என்று. ஆமாம், சம்பந்தியம்மாதான். மூத்த பெண் சுமதி. அந்தப் பிள்ளை உன் மச்சான் செல்வம்.

நாலாம் நாள் செல்வத்துக்கு வலிப்பு வந்தது. உச்சிக்குழி தொட்டால் கல்லுமாதிரி எழும்பி நின்றது. வழக்கமான ஊசி ஒன்றுக்கும் அந்தக் கிருமி அடங்கவில்லை. கண்டி டொக்டர் அம்மா எங்கெங்கோ பேசிக் கொழும்பிலிருந்து ஒரு மருந்தை வரவழைத்தார். மூன்று வாரம் கிடந்து பிழைத்தான். பிழைத்தான் என்றால் அவனை நீ பார்க்கிறாயே, அப்படிப் பிழைத்தான். காது இல்லை, பேச்சு இல்லை, வலது கால் இழுக்கிறது, பதினெட்டு வயதில் ஆறு வயதுப் பிள்ளையின் சிரிப்பு. செல்வத்துக்கு வலிப்பு வந்த அன்றுதான் போத்தலைக் கக்கூஸில் ஊற்றி, கண்ணாடியை உடைத்துக் குப்பையில் போட்டேன். வீட்டுக்கு வந்து மோதிரத்தைக் கழற்றிக் கேத்தலில் போட்டுக் கொதிக்க வைத்தேன், துணியில் முடிந்து சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினேன். விரலில் வெள்ளை வளையம் தெரிந்தது. உன் அப்பா கண்டுபிடித்து எங்கே என்று கேட்டார். நான் உன்னைக் காட்டினேன். "இவந்தான் வெளையாடப் போட்டுக்கிட்டுப் போய்த் தொலச்சிட்டான்." உனக்கு எட்டு வயசு. அவர் பிரம்பால் அடித்தார். நீ எடுக்கவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னாய், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் அடி வாங்கினாய். இரண்டு நாள் வீட்டுக்குப் பின்னால் சாக்கடைக் கானுக்குள் இறங்கிச் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தாய். ஒருவேளை நாமே தொலைத்துவிட்டோமோ என்று உனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அப்பா சாகும்வரை உன்னைப் பொருள் தொலைப்பவன் என்றுதான் சொன்னார். நீ எதையும் தொலைத்தவனில்லை. மோதிரம் என்னிடம் இருக்கிறது.

சில மாதம் கழித்து டொக்டர் அம்மா மறுபடி வந்தார். என்னை மட்டும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் ஒரு சாம்பல் நிறப் படம். ஏணிப்படிபோல் கோடு கோடாக, பக்கத்தில் பக்கத்தில் பல ஏணிகள். கிருமிகளைப் பத்திரமாக வெளிநாட்டுக்கு அனுப்பி எடுத்த படமாம். சிங்களத்தில்தான் விளக்கினார், எனக்கு விளங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து. மனிதருக்குப் பரம்பரை இருப்பதுபோலக் கிருமிக்கும் இருக்கிறது. ஒரே பேருள்ள கிருமியிலும் ஆயிரம் குடும்பம். இந்தக் கோடுகள் அதன் உடம்புக்குள் இருக்கும் பரம்பரை அடையாளம். ஒரு தாய்க் கிருமியின் பிள்ளைகளென்றால் கோடுகள் ஒன்றுபோல் நிற்கும். "இந்த நாலும் நாலு குழந்தைகள்," என்று பேனாவால் தொட்டார். நாலு ஏணியிலும் படிகள் நேருக்கு நேர் நின்றன. "இது தண்ணீர்க் குழாய். பார், வேறு. இது தொட்டி. இதுவும் வேறு." கடைசி ஏணிக்குப் பேனா போனது. அது அந்த நாலோடு அச்சொட்டாய் ஒத்திருந்தது. கீழே ஒன்பது என்று எழுதியிருந்தது. கை தடவிய வரிசையில் நான் நின்ற இடம் அது. சேனை வைத்தவரிடமிருந்து பிள்ளைக்கு ஒன்று போகும் என்று நம்பினேனே, என்னிடமிருந்து போனது அதுதான்.

"இப்போது மறுபடி கேட்கிறேன்," என்றார். சொன்னேன். போத்தல், மோதிரம், அலுமாரி, கலங்கிய தண்ணீரைக் குலுக்கியது வரை சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை?" பயம் என்றேன். பயமும்தான். ஆனால் கைராசிக்காரி என்ற பேர் போய்விடுமே என்பதும் இருந்தது, அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இது கேட்டுக்கு வெளியே போனால் யாரும் கிருமி என்று கேட்கமாட்டார்கள். தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்கு விஷம் கொடுத்தாள் என்றுதான் கேட்பார்கள். உன் வீடு இருக்காது, உன் தெருவும் இருக்காது." அறிக்கையில் ஒரு பணியாளரின் கை என்று மட்டும் எழுதினார். என்னைச் சலவைப் பகுதிக்கு மாற்றச் சொன்னார். கதவைத் திறக்கும் முன் ஒன்று கேட்டுக்கொண்டார். "உன் ஆட்களிடம் நீ போய்ச் சொல்லு, பிறந்த பிள்ளையின் வாயில் ஒன்றும் வைக்க வேண்டாம் என்று. நான் சொன்னால் கேட்கமாட்டார்கள், நீ சொன்னால் கேட்பார்கள்." சரி என்று தலையாட்டினேன். யாருக்கும் சொல்லவில்லை. இந்தப் பதினெட்டு வருஷத்தில் எத்தனை லயத்தில் எத்தனை பேர் என் பேரைச் சொல்லிச் சேனை வைத்தார்களோ, அதில் எத்தனை பிள்ளை முனகியதோ, நான் அறியேன். காப்பாற்றப்பட்டது என் தோல் மட்டும்தான்.

செல்வம் நடக்கத் தொடங்கியதும் சம்பந்தியம்மா வருஷா வருஷம் தேரில் என்னைத் தேடி வருவார். "ரெண்டு புள்ள செத்துச்சாம், எம்புள்ள ஒங்க கைராசியால உசுரோட இருக்கான்" என்று சொல்லி, அவனை என் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வைப்பார். மூன்று வருஷம் பொறுத்தேன். பிறகு கால் வலி என்று தேருக்குப் போவதை நிறுத்திவிட்டேன். நீ கோபித்துக்கொண்டு தனியாகப் போவாய். அப்புறம் டியூஷன் வகுப்பில் ஒரு பெண்ணைப் பார்த்தேன் என்று நீ வந்து நின்றபோது, ஊரெல்லாம் பெண் இருக்க அந்த வீட்டுப் பெண்ணா வாய்க்க வேண்டும் என்று குளியலறையில் போய் அழுதேன். மாப்பிள்ளை பார்க்க அவர்கள் வந்த நாளில் செல்வம் செருப்பைக் கழற்றும் முன்னமே என்னிடம் ஓடி வந்து கையைப் பிடித்தான். அத்தனை வருஷம் கழித்தும் மறக்கவில்லை. நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். கல்யாண மேடையிலும் அதையே செய்தான், வீடியோவில் இருக்கிறது. என் முகத்தை ஒருதரம் போட்டுப் பார். அழுகிறேன், ஆனந்தக் கண்ணீர் என்று எல்லாரும் சொன்னீர்கள்.

இவ்வளவும் வியாழக்கிழமை எழுதியது. எழுதி முடித்து உறையில் போட்டபிறகு, இதை உன் தலையில் கட்டிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்கிறேனே என்று பட்டது. சுமதியின் அம்மாவுக்கு உன் வாயால் தெரியக்கூடாது. அதனால் தபாலில் போடாமல், சனிக்கிழமை காலை இரத்தோட்டை பஸ் ஏறிப் போனேன். சம்பந்தியம்மா வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து கராம்பிலிருந்து காம்பை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கொழும்புப் பயணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். உங்கள் வீட்டில் தங்குவதற்குத் தமிழ் ஆட்கள் பொலிஸில் எப்படிப் பதிய வேண்டும், அடையாள அட்டைப் பிரதி எத்தனை வேண்டும் என்று. நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, உனக்கு எழுதிய வரிசையிலேயே சொன்னேன். குலுக்கியதையும் சொன்னேன். அவர் கை ஆய்வதை நிறுத்தவில்லை. முடித்தபோது ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த டொக்டரம்மா கேட்ட அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, எம்புள்ளைக்கு வந்திருக்காதா?"

"வந்திருக்காதுங்க," என்றேன்.

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசவில்லை. கராம்பை ஒரு பக்கம், காம்பை ஒரு பக்கம் என்று ஒதுக்கிக்கொண்டே இருந்தார், பிறகு இரண்டையும் கலந்துவிட்டார், அது அவருக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துச் செல்வம் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து வாளியோடு வந்தான். என்னைக் கண்டதும் வாளியை அப்படியே வைத்துவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு ஓடிவந்தான். என் கையைப் பிடித்து முதலில் வலது கண், பிறகு இடது கண். ஈரக் கை. நான் இழுத்துக்கொள்ளவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. சம்பந்தியம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார். "நாந்தாங்க பழக்கினேன். காதும் கேக்காது, சொன்னாலும் வெளங்காது. கையப் புடிச்சுக் கண்ணுல வச்சு வச்சு மூணு வருசமாச்சு பழக்க. இனிமே இத எப்படிங்க அவனுக்கு மறக்க வைக்கிறது?"

நான் எழும்பியதும் அவரும் எழும்பினார். மடியிலிருந்த கராம்பைத் தட்டிவிட்டார். "நான் கொழும்புக்குப் போறேன். புள்ள பொறக்கிற அன்னைக்கு வாசல்ல நிப்பேன். ஒருத்தர ஒரு சொட்டு வைக்க விடமாட்டேன்," என்றார். கொஞ்சம் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சேர்த்தார், "ஒங்களையுந்தான்." பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். பதினெட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் காவல் நிற்கிறது என்று நிம்மதி வந்தது.

சுமதி அழுதால் அழட்டும். என்னைத் திட்டினால் "அம்மா பாவம்" என்று குறுக்கே பேசாதே, அவள் பக்கம் நில். புது மோதிரத்தைச் சுமதியே போட்டுக்கொள்ளட்டும், பிள்ளையைத் தூக்கும்போது கழற்றி வைக்கச் சொல். பிறந்ததும் தாய்ப்பால், அதைத் தவிரச் சீனித் தண்ணீர், தேன், கோரோசனை, யார் எதைக் கொண்டு வந்தாலும் வேண்டாம். பிள்ளை பால் குடிக்கச் சுணங்கினால், முனகினால், ஜில்லென்றிருந்தால் பொழுது விடியட்டும் என்று பார்க்காதே, தூக்கிக்கொண்டு ஓடு. எல்லாரும் கை கழுவ வேண்டும், நீயும். நான் வருவேனா என்று கேட்காதே. கூப்பிடாமல் வரமாட்டேன் என்றுதான் இருக்கிறேன், ஆனால் பேரப்பிள்ளை பிறந்துவிட்டது என்று கேட்டால் என் புத்தி எப்படிப் போகும் என்று எனக்கு நிச்சயமில்லை. ஆசையோடு ஏதாவது பேசிக்கொண்டு வந்து நின்றாலும் நிற்பேன். அதனால்தான் சொல்கிறேன். சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில் நீயும் போய் வாசலில் நில். நானே வந்தாலும் விலகாதே.

உன் அம்மா